பாளையம்பட்டியில் மறித்த வண்டி

பொன்னுச்சாமி ஒரு காலத்தில் வாடகை ஆம்புலன்ஸ்காரன் ஒருவனுக்கு மூவாயிரம் ரூபாய் கடன்பட்டிருந்தார். சாகக் கிடந்த அண்ணனைக் கமிஷனுக்காக ஏதோ ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் இறக்கிவிட்டு, வாடகைப் பாக்கி என்று அவன் எழுதி வாங்கிய கடன். அண்ணன் பிழைக்கவில்லை. சீமைக்கருவேலம் வெட்டிய கூலியில்தான் அதை அடைத்தார். அன்றிலிருந்து விளக்கு சுழலும் எந்த வண்டியையும் அவர் நம்பியதில்லை.

மூன்றாம் வகுப்பைத் தாண்டாத மனிதர். இன்று பரளச்சியில், விறகைச் சுட்டுக் கரியாக்கும் ஆறு மூட்டத்துக்கு முதலாளி. லாரியைப் பார்த்த மாத்திரத்தில் எத்தனை மூடை கரி என்று சொல்வார். எடைமேடைக்காரனே வாயைப் பிளப்பான். அவரை ஏய்க்க வந்தவன் எவனும் ஜெயித்துப் போனதில்லை.

போன ஐப்பசியில் மருமகள் யுவராணியைப் பாம்பு கடித்தது. அரசாங்க ஆம்புலன்ஸ் டவுன் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப்போனது. மூட்டத்திலிருந்து இவர் போய்ச் சேர்ந்தபோது, முதல் ஊசி போட்டு மதுரைக்கு அனுப்பிவிட்டதாகச் சொன்னார்கள்.

"மதுரைக்கா, கமிஷன் தர்ற எடத்துக்கா?" என்று பைக்கை முறுக்கினார். பாளையம்பட்டியில் டவுன் பஸ்ஸுக்குப் பின்னால் ஊர்ந்த வண்டியை முந்தி, பைக்கைக் குறுக்கே போட்டு, ஜன்னல் வழியே சாவியைப் பிடுங்கினார்.

வண்டியில் வந்த நர்ஸ் அனுசியா ஒரு காகிதத்தை நீட்டினாள். "ஐயா, மதுரை கவர்மெண்டு பெரியாஸ்பத்திரிக்கு டாக்டர் எழுதின சீட்டு. பாருங்க!"

"சீட்டுல என்ன வேணாலும் எழுதலாம் தாயி. எனக்கு வாசிக்கத் தெரியாதுன்னு நீட்டுறியா?"

உள்ளேயிருந்து அவர் மனைவி ஆவுடைத்தாய் கத்தினாள்: "சாவியக் குடுங்க! புள்ளைக்குக் கண்ணு சொருகுது. ஒங்க சந்தேகத்தக் கொண்டுபோய் மூட்டத்துல போட்டு எரிங்க!"

கால் மணி நேரம் போயிற்று. கடைக்காரர்கள் கூடி, தள்ளுமுள்ளாகி, சாவியைப் பிடுங்கிக் கொடுத்தார்கள். அதில் யார் மேல் தன் கை பட்டதென்று பொன்னுச்சாமிக்கே நிச்சயமில்லை. யுவராணி நாலு நாள் மிஷினில் மூச்சுவிட்டுப் பிழைத்துக்கொண்டாள்.

மறுவாரம் போலீஸ் ஸ்டேஷனில் எஸ்.ஐ. சொன்னார்: "ஆம்புலன்ஸ மறிச்சதுக்கு ஆறு மாசம் ஜெயில், இல்ல பத்தாயிரம் அபராதம், ரெண்டுங்கூட ஆகலாம். வேல பாத்தவுக மேல கை வச்சிருந்தா கேஸே வேற. மூணு வருஷத்துக்குக் கொறையாது. அந்த நர்ஸ் பொண்ணு என்ன எழுதித் தருதோ, அதுதான்."

கை வைக்கவில்லை என்ற அந்த ஒரு வரிக்கு அவள் விலை சொல்லுவாள் என்று இவர் முடிவுகட்டிவிட்டார். புகார் கொடுக்க அவள் வந்தபோது வாசலிலேயே பணக் கவரை நீட்டினார். அனுசியா தொடவில்லை.

"இதயும் சேத்து எழுதட்டுமாய்யா?"

'பத்தலையாக்கும்' என்று நினைத்துக்கொண்டே உள்ளே போனார்.

எஸ்.ஐ. புகாரை வாசித்தார். வண்டியை மறித்தார், சாவியை எடுத்தார், யாரையும் அடிக்கவில்லை. அவ்வளவுதான்.

"இன்னொருக்கா வாசிங்க."

மூன்று தரம் வாசிக்கச் சொன்னார். எங்கே கண்ணி வைத்திருக்கிறாள் என்று அவருக்குக் கடைசிவரை பிடிபடவில்லை.

கோர்ட்டில் குற்றத்தை ஒத்துக்கொண்டார். ஜெயில் இல்லை, பத்தாயிரம். கிளார்க் கையை நீட்டினார்.

"ரசீது மொதல்ல" என்றார் பொன்னுச்சாமி.

"பணத்த வச்சாத்தான்யா ரசீது."

கிளார்க்கின் முகத்தையும் கையையும் மாறி மாறிப் பார்த்தார் பொன்னுச்சாமி. பிறகு விரலில் எச்சில் தொட்டு, இருபது ஐந்நூறு ரூபாய்த் தாள்களையும், வாய்விட்டுச் சொல்லி, ஒவ்வொன்றாக அந்த விரித்த உள்ளங்கையில் எண்ணி வைத்தார்.