சூர்யகலாவின் முதல் தொண்ணூறு வினாடி

தொண்ணூறு வினாடி. அதற்குள் வரவேண்டிய காட்சிகளைப் பன்னிரண்டாவது முறையாக ரப்பரால் அழித்துவிட்டு, மறுபடி கட்டம் போட்டு வரைகிறார் சூர்யகலா. போடி பேருந்து நிலையத்துக்கு எதிரே, மலைத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப்புகள் வந்து நிற்கும் இடத்தைப் பார்த்த டீக்கடை பெஞ்சு. நீள ரூல்டு நோட்டு, மழுங்கிய பென்சில். டீக்காரர் கிளாஸை வைக்கக் குனிந்ததும் நோட்டு குப்புறக் கவிழ்கிறது. அவர் போனதும் நிமிர்கிறது.

"அவருக்கு இதில் என்ன தெரியப்போகிறது?" என்று நான் கேட்டால், "தெரியாதுன்னு ஒங்களுக்கு எப்பிடித் தெரியும்?" என்கிறார்.

வயது இருபத்தொன்று. மதுரையில் ஒரு கல்லூரியில் காட்சித் தொடர்பியல் மூன்றாம் ஆண்டு. படிப்பு முடிய ஒரு குறும்படம் எடுத்துக் கொடுக்க வேண்டும். ஏலக்காய் திருடியதாகப் பழி சுமக்கும் தோட்டத் தொழிலாளியின் கதை, பதினான்கு நிமிடம். பன்னிரண்டரை நிமிடம் தயார். படம் தொடங்கும் காட்சி மட்டும் கைக்கு வரவில்லை.

போன வருடம் இவர் சொன்ன கதையை வகுப்புத் தோழி ஒருத்தி படமாக எடுத்துப் பரிசு வாங்கினாள். அன்றிலிருந்து வாட்ஸப் குழுவில் படப்பிடிப்பு இடம், நேரம் எதையும் போடுவதில்லை. கேமரா பிடிக்கும் ராம்பிரசாத்துக்கே, "அஞ்சு மணிக்கு வந்துரு, எங்கேன்னு வந்தபெறகு சொல்றேன்" என்பதுதான் தகவல். "பஸ்சு ஏறுறதுக்காச்சும் ஊரச் சொல்லு தாயி" என்று கெஞ்சிய குரல்பதிவை ராம்பிரசாத் இன்னும் வைத்திருக்கிறார்.

சூர்யகலாவின் பையில் எப்போதும் ஒரு பொட்டலம் ஏலக்காய் இருக்கும். டீயில் போடும் முன் ஒவ்வொரு காயையும் நகத்தால் கீறி, உள்ளே அரிசி எனப்படும் விதை முற்றிக் கறுத்திருக்கிறதா என்று பார்ப்பார். "தோலு பச்சையாத்தேன் இருக்கும்ணே. உள்ள வெள்ளரிசியா இருந்தா யாரு பொறுப்பு?" இதே கண்ணால் என் நிருபர் அடையாள அட்டையையும் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் பேசத் தொடங்கினார்.

அந்தத் தொடக்கக் காட்சி இதுதான். மாலையில் ஏலத்தோட்டத்தை விட்டுக் கிளம்பும் முன், பெண்கள் வரிசையில் நின்று தூக்குவாளியைத் திறந்து காட்ட வேண்டும். காய் ஒளித்துக் கொண்டுபோகிறார்களா என்று நோட்டோடு நிற்கும் மேற்பார்வையாளர் அவர்கள் பைக்குள் கையை விட்டு அடிவரை துழாவுவார். நடிகைகள் வேண்டாம், தினமும் திறந்து காட்டுகிறவர்களே வேண்டும் என்பது சூர்யகலாவின் பிடிவாதம். அவர்களில் ஒருவர் அவருடைய அம்மா பொற்கொடி.

ஒருவரும் ஒப்புக்கொள்ளவில்லை. அளவுக்கு மேல் ஆள் ஏற்றி ஜீப் ஓட்டும் காசிமாயனுக்குத் தன் கவலை. "படத்துல தலைய எண்ணிப் பாத்தாகன்னா என் பர்மிட்டு போயிரும் பாப்பா. ஆளு இல்லாத ஜீப்ப எடுத்துக்க." பெண்களின் சந்தேகத்தைப் பொற்கொடிதான் வாய்விட்டுச் சொன்னார்: "பாக்குறவன், இவளுக திருடுறதாலதேன சோதிக்கிறாகன்னு நெனப்பான். சூப்பர்வைசரு பாத்தா, நாளையிலருந்து வராதம்பாரு. ஒனக்கு மார்க்கு கெடைக்கும். எனக்கு வேலை கெடைக்குமா?"

சூர்யகலா என்னிடம் மட்டும் குரலைத் தாழ்த்தி, "அம்மாவ யாரோ கெளப்பிவிட்டுருக்காக" என்றார்.

சென்ற செவ்வாய்க்கிழமை மாலை தூறல். கேமராவை எங்கே வைக்கலாம் என்று குறிப்பதற்காக, மழைக்கோட்டின் தொப்பியை நெற்றிவரை இழுத்துக்கொண்டு ஜீப் நிற்கும் இடத்தில் நோட்டுடன் காத்திருந்தார் சூர்யகலா. மலையிலிருந்து காசிமாயனின் ஜீப் இறங்கி வந்து நின்றது. வழியெல்லாம் தூங்கிவந்த முகத்தோடு முதலில் இறங்கிய பெண், எதிரே நோட்டும் கையுமாக நின்ற உருவத்தைப் பார்த்தார். யாரும் கேட்கவில்லை. தூக்குவாளியின் மூடியைத் திறந்து நீட்டினார். அடுத்து இறங்கியவரும் நீட்டினார். மூன்றாவது பொற்கொடி. அவர் வாளிக்குள் கழுவிய ஈரம் தவிர ஒன்றுமில்லை. சூர்யகலா அசையவே இல்லை.

பொற்கொடிதான் நிமிர்ந்தார். "ஏடி கலா, நீயா?"

பின்னால் நின்ற பெண் சிரித்துவிட்டார். "பெத்த மகளுக்குமா தெறந்து காட்டுற, பொற்கொடி?"

பொற்கொடி சிரிக்கவில்லை. மூடியை அழுத்தி மூடிக்கொண்டு நடந்தார்.

டீக்கடையில் ஒதுங்கி நின்ற ராம்பிரசாத் முழுவதையும் செல்போனில் எடுத்திருந்தார். "இதுதேன் கலா ஓப்பனிங். நூறு தடவ ஒத்திகை பாத்தாலும் இது வராது."

உண்மைதான். சூர்யகலா மூன்று முறை ஓட்டிப் பார்த்தார். பிறகு அழித்தார். அழித்தவை போய்ச் சேரும் இடத்தையும் திறந்து அங்கேயும் அழித்துவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தார்.

"யாருக்காச்சும் அனுப்பிட்டயா?"

"இல்ல."

"போனக் குடு. நானே பாத்துக்கிறேன்."

மறுநாள் காலை ஐந்தரை. பெண்கள் ஜீப்பில் ஏறி உட்கார்ந்தாயிற்று. சூர்யகலா பின்பக்கம் வந்து நின்றதும் காசிமாயன் ஹாரனை அழுத்தினார். "வெரசாச் சொல்லு பாப்பா, சோலி கெடக்கு."

சூர்யகலா தோளிலிருந்த கேமராப் பையை ஜீப்பின் பின்படியில் வைத்து ஜிப்பைத் திறந்தார். கேமரா, மைக், பேட்டரி, ஏலக்காய்ப் பொட்டலம் எல்லாவற்றையும் எடுத்து வெளியே அடுக்கினார். கடைசியில், யாருக்கும் காட்டாத அந்த நோட்டு. கட்டங்கள் போட்ட பக்கத்தைத் திருப்பி உள்ளே நீட்டினார். "இதுல இருக்குறதத்தேன் எடுப்பேன். மொகம் வேணாம்னா கையி மட்டும். கையும் வேணாங்கிறவுக இப்பவே சொல்லிருங்க."

நோட்டு ஜீப்புக்குள் மடி மாறிப் போனது. "சூப்பர்வைசருக்கு என்னடி இம்புட்டுத் தொப்பை வரைஞ்சிருக்க?" என்றது ஒரு குரல். "பத்தாது, இன்னும் போடணும்" என்றது இன்னொன்று.

பொற்கொடி நோட்டை வாங்கவில்லை. குனிந்து, காலியாகக் கிடந்த கேமராப் பைக்குள் கையை விட்டு, மூலை மூலையாக அடிவரை துழாவினார். பிறகு ஜிப்பை இழுத்து மூடி மகளிடம் கொடுத்தார்.

வரும் ஞாயிற்றுக்கிழமை, தோட்டத்துக்கு விடுமுறை நாளில், குரங்கணி சாலையோரம் ஒரு மாந்தோப்பில் படப்பிடிப்பு. ஆள் இல்லாத ஜீப்பைக் காசிமாயன் கொண்டுவருகிறார். நான்கு பெண்கள் கைகளை மட்டும் தர ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். பொற்கொடி இன்னும் பதில் சொல்லவில்லை.