கொண்டி போடாத கதவு

ஏலக்காய் வாசம் என்றதும் பாயசமும் கல்யாண வீடும் நினைவுக்கு வருகிறவர்கள் கொடுத்துவைத்தவர்கள். எனக்குத் தெரிந்த வாசம் வேறு. ஈரக் காய் சூடேறும்போது எழும்பி, கண்ணை எரித்து, தொண்டையைப் பிடிக்கிற பச்சை ஆவியின் வாசம் அது. அது மூக்கில் பட்டால் இந்த வயதிலும் நான் தெருவின் மறுபக்கம் மாறி நடக்கிறேன்.

எழுபதுகளின் கடைசியில், எனக்குப் பத்து வயது நடந்தபோது, போடி பக்கம் குரங்கணிக்கு மேலே ஓர் ஏலத்தோட்டத்தில் அப்பா "ரைட்டர்" வேலை பார்த்தார். ஆள் பேர் எழுதுவதும் காய் நிறுப்பதும், "ஸ்டோர்" என்று நாங்கள் சொன்ன, காய் உலர்த்துகிற கட்டடத்தைப் பார்த்துக்கொள்வதும் அவர் பொறுப்பு. ஞாயிற்றுக்கிழமையானால் தோட்டத்தில் இருந்த நாலைந்து கிறிஸ்தவக் குடும்பங்களைக் கூட்டி ஜெபம் நடத்துவதும் அவர்தான். குற்றமில்லாத இயேசு குற்றவாளியின் இடத்தில் நின்று நம் தண்டனையைச் சுமந்தார் என்று அவர் சொல்லும்போது பெரியவர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். எனக்கோ பயமாக இருக்கும். நான் செய்கிற தப்புக்கெல்லாம் இன்னொருவர் அடி வாங்குகிறார் என்பதை ஆறுதலாக எடுத்துக்கொள்ள என்னால் முடிந்ததே இல்லை.

ஸ்டோருக்கென்று ஒரு கண்டிப்பு உண்டு. வெளியே அடுப்பில் விறகு எரிய, அந்தச் சூடு இரும்புக் குழாய்கள் வழியாக அறைக்குள் ஓடும். தட்டுகளில் பரப்பிய காய் ஒரே சூட்டில் இருந்து காய வேண்டும். நடுவில் குளிர்காற்றுப் பட்டால் பச்சை போய்விடும், பச்சை போன காயை வியாபாரி கையால் தொட மாட்டான். அதனால் அடுப்பைக் கவனிக்கிற முத்தையா மாமாவைத் தவிர வேறு யாரும் கதவில் கை வைக்கக் கூடாது. ராசிங்காபுரத்துக்காரரான அவர் எங்களுக்கு உறவும் இல்லை, எங்கள் வேதமும் இல்லை, ஆனாலும் எனக்கு அவர் மாமாதான்.

அது தை மாதம், கடைசி எடுப்புக் காய் உள்ளே காய்ந்துகொண்டிருந்தது. பள்ளிக்கூடம் விட்டு ஓடையைத் தாண்டும்போது வழுக்கி விழுந்து, பாவாடை நனைந்து, பனியில் பல் கிட்டிப்போய் வந்த நான், முத்தையா மாமா சரிவில் விறகு எடுக்கப் போயிருந்ததைப் பார்த்துவிட்டு, கொண்டியை நீக்கி ஸ்டோருக்குள் நுழைந்தேன். குழாய்ப் பக்கத்தில் நின்று குளிர் காய்ந்தது கொஞ்ச நேரம்தான். வெளியே அப்பா இருமுகிற சத்தம் கேட்டதும் பதறியடித்து ஓடினேன். கதவைச் சாத்தினேனே தவிர கொண்டியைப் போடவில்லை. காற்று கதவைத் தள்ளித் திறந்துவிட, மாமா விறகோடு திரும்புவதற்குள் மலைப்பனி முழுக்க உள்ளே இறங்கிவிட்டது.

இரண்டாம் நாள் போடியிலிருந்து முதலாளி வந்தார். வெளுத்துப் பழுப்பேறிய காயை ஒரு கூடை அள்ளி எல்லார் முன்னாலும் தரையில் கொட்டினார். நான் அப்பாவுக்குப் பின்னால் ஒளிந்து நின்றேன். முத்தையா மாமா தலைத்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, "எங் கவனக்கொறவுதான் மொதலாளி" என்றார். அன்றைக்கே அவரை இறங்கிப் போகச் சொல்லிவிட்டார்கள். துணி மூட்டையோடு எங்கள் வீட்டைத் தாண்டிப் போனவர் என்னைக் கண்டதும் நின்று, மடியிலிருந்து என் சடையின் சிவப்பு ரிப்பனை எடுத்து நீட்டினார். "உள்ள கெடந்துச்சு ஆத்தா. வெரசா வீட்டுக்குள்ள போ, பனி எறங்குது."

அவருக்குத் தெரிந்திருக்கிறது! தெரிந்தே அடியைத் தன்மேல் வாங்கிக்கொண்டிருக்கிறார். அப்பா ஜெபத்தில் சொல்லும் கதை எங்கள் ஸ்டோர் வாசலில் நடந்துவிட்டது. அதில் நான் யார் என்று எனக்குத் தெரிந்தபோது வந்த பயத்தை என்னவென்று சொல்வது! கூரையில் காய்ந்த கொப்பு விழுந்தாலும் ஆண்டவர் என்னிடம் கணக்குக் கேட்கத்தான் வந்துவிட்டார் என்று போர்வைக்குள் ஒடுங்கினேன்.

பெரிய வெள்ளிக்கு முந்திய நாற்பது நோன்பு நாட்களான லெந்து தொடங்கியதும் தாங்க முடியாமல் அப்பாவிடம் ரிப்பனைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன். அடிப்பார் என்று நினைத்தேன், அடித்திருக்கலாம். அவர் முகம் வெளிறிவிட்டது. என்னை முழங்காலில் நிறுத்தி ஜெபம் பண்ணிவிட்டு, "இயேசப்பா மன்னிச்சிட்டாரு. இதோட விட்ரு. யார்ட்டயும் மூச்சு விடாத, இருக்குற வீடும் போயிரும்" என்றார். அப்பாவும் பயப்படுவார் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. அதன்பிறகு என் பயம் இரண்டு மடங்காகியது.

பெரிய வெள்ளிக்குப் போடி கோயிலுக்கு இறங்கி வருவோம். பன்னிரண்டு மணியிலிருந்து மூன்று மணிவரை ஆராதனை. சிலுவையில் இயேசு பேசிய ஏழு வார்த்தைகளை ஏழு பேர் எடுத்துப் பேசுவார்கள். அந்த வருஷம் முதல் வார்த்தை அப்பாவுக்குக் கொடுத்திருந்தார்கள், தம்மைச் சிலுவையில் அறைந்தவர்களை மன்னிக்கும்படி இயேசு வேண்டிய வார்த்தை. வெள்ளை வேட்டி சட்டையில் அப்பா போய் நின்றார். வேதத்தைத் திறந்து வாசித்தார். பிறகு பேச்சு வரவில்லை. சபை முழுக்க அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்க, அவர் பெண்கள் பக்கத்தில் அம்மாவின் மடியோரம் இருந்த என்னையே பார்த்தார். எல்லார் முன்னாலும் என் பெயரைச் சொல்லப்போகிறார் என்று அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டேன். அவர் வேதத்தை மூடி, "போதகரய்யா மன்னிக்கணும், என்னால ஆகல" என்று சொல்லி இறங்கி வந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே நடந்தார்.

ராசிங்காபுரம் வழியாகப் போகும் தேவாரம் பஸ்சில் ஏறியதும்தான் எங்கே போகிறோம் என்று புரிந்தது. "இயேசப்பாதான் மன்னிச்சிட்டாருன்னு சொன்னீங்களேப்பா" என்றேன். போகாமல் இருக்க எனக்கு வேறு வழி தெரியவில்லை.

"அவரு மன்னிச்சிட்டாரு பிள்ளே. முத்தையாகிட்ட யாரு கேட்டா?"

ராசிங்காபுரத்தில் முத்தையா மாமா வெயிலில் வேலி அடைத்துக்கொண்டிருந்தார். உடம்பு வற்றிப்போயிருந்தது. அப்பா கும்பிட்ட கையோடு நடந்ததைச் சொல்லத் தொடங்கினார்.

"தெரியும் ரைட்டரய்யா" என்றார் மாமா. "பிள்ள தெரியாமச் செஞ்சிருச்சு. நீங்க எப்பத்தேன் வருவீகன்னு பாத்துக்கிட்டு இருந்தேன்."

அப்பா தலையைத் தூக்கவே இல்லை. நான் அழுதுகொண்டே "மன்னிச்சிருங்க மாமா" என்றேன். அவர் உள்ளே போய் இரண்டு செம்பில் மோர் கொண்டுவந்தார். பெரிய வெள்ளியில் ஆராதனை முடியும்வரை அப்பா பச்சைத் தண்ணீர்கூடத் தொடமாட்டார். அன்று அந்தச் செம்பை இரண்டு கையாலும் வாங்கி ஒரு சொட்டு விடாமல் குடித்தார். கோயிலில் போதகர் நீட்டும் திருவிருந்துக் கிண்ணத்தைக்கூட அவர் அப்படி வாங்கி நான் பார்த்ததில்லை.

மறுநாள் அப்பா முதலாளி வீட்டுக்குப் போய் உண்மையைச் சொன்னார். முத்தையா மாமா மறுபடி அடுப்புக்குப் போனார். அப்பாவின் வேலை போக, நாங்கள் தோட்டத்து வீட்டைக் காலி செய்து போடிக்கு இறங்கினோம். அதன்பிறகு கடைசிவரை அப்பா ஏலக்காய்க் கடைகளில் காய் தரம் பிரித்தார். அந்த வேலையைப் பற்றி ஒரு நாளும் குறை சொன்னதில்லை, ஆனால் ஜெபக்கூட்டத்தில் மறுபடி பேசவும் இல்லை.

இப்போது அந்த ஸ்டோர் இல்லை. காயை மெஷின் உலர்த்துகிறது, சூட்டைத் தானே பார்த்துக்கொள்கிறது, கதவுக்காக யாரும் பயப்பட வேண்டியதில்லை. அப்பாவும் முத்தையா மாமாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். பெரிய வெள்ளிதோறும் அதே கோயிலில், மைக்கில், யாராவது முதல் வார்த்தையைத் தடங்கலில்லாமல் பேசி முடிக்கிறார்கள். சபை தலையாட்டுகிறது. நான் மட்டும் தலையாட்டுவதில்லை. ஆண்டவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, ஆளிடம் கேட்காமல் நான் விட்டது இந்த வருஷம் யாரிடம் என்று ஒவ்வொரு முகமாக நினைத்துப் பார்க்கிறேன். யாராவது ஒருவர் நினைவுக்கு வந்துவிடுகிறார். ஆராதனை முடிந்ததும் நான் நேராக வீட்டுக்குப் போவதில்லை.