அப்பா எனக்குச் சிபாரிசு செய்த புத்தகம்

கொடைக்கானல் கடைவீதியில் அப்பா வைத்திருந்த புத்தகக் கடையில் யாரும் தாமாக ஒரு புத்தகத்தை எடுத்துவிட முடியாது. வைத்தியரிடம் போனதுபோல முதலில் விசாரணை நடக்கும். "என்ன சோலி பாக்குறீங்க? ராத்திரி தூக்கம் வருதுங்களா? வீட்டுல யாரு கூடயாச்சும் மனத்தாங்கலா?" என்று கேட்டுவிட்டு, உள்ளே போய் ஒன்றைக் கொண்டுவந்து நீட்டுவார். தூக்கமில்லை என்று வந்த வடகவுஞ்சிப் பூண்டு வியாபாரிக்குத் தடிமனான வேதாந்தப் புத்தகம் ஒன்றைக் கொடுத்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை சந்தைக்கு வந்த அந்த மனிதர், இரண்டாம் பக்கம் தாண்டவில்லை, நன்றாகத் தூங்குகிறேன் என்று கையெடுத்துக் கும்பிட்டார். அப்பாவின் கைராசிக்கு ஊரில் நல்ல பேர்.

அவருக்குப் பிடித்த விஷயம் எளிய வாழ்க்கை. சீசனுக்கு வந்து பங்களாக்களில் தங்கும் மதுரை, மெட்ராஸ் பெரிய மனிதர்களிடம் அதைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவார். தேவையைக் குறைத்தால் கவலை குறையும் என்பார். அவர்களும் தலையாட்டிக் கேட்டுவிட்டு, அதைப் பற்றிய புத்தகம் ஒன்றை வாங்கிக்கொண்டு காரில் ஏறிப் போவார்கள். எளிமையாக வாழ்ந்தது நாங்கள்தான். அந்தக் குளிரிலும் வீட்டில் காபி கிடையாது, சுக்குத் தண்ணீர்தான். ஆளுக்கு ஒரு கம்பளி. அம்மா தீபாவளிக்குக்கூடச் சேலை கேட்டதில்லை. கேட்டால் பிரசங்கம் ஆரம்பித்துவிடும் என்ற பயம்.

மழை பிடித்துக்கொண்டால் புத்தகங்களில் பூசணம் பூக்கும். கடையின் பின்னறையில் கரியடுப்பை மூட்டி, சற்றுத் தள்ளி அவற்றை விரித்து வைத்து, ஏடு ஏடாகப் புரட்டிக் காயவைப்பது என் வேலை. எங்களுக்குக் குளிர் என்று கரி செலவழிக்கக் கூடாது. உடம்பு சொகுசு பழகிவிடுமாம். புத்தகங்கள் சொகுசு பழகலாம். அங்கே உட்கார்ந்துதான் நான் குளிர்காய்ந்தேன், கைக்கு வந்ததையெல்லாம் படித்தேன். ஊரைக் காலிசெய்து போன ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் போட்டுவிட்டுப் போன தாவரவியல் புத்தகம் அதில் ஒன்று. நான் தினம் மிதித்து நடந்த செடிகளுக்கெல்லாம் அதில் பெயர் இருந்தது.

எஸ்.எஸ்.எல்.சி.யில் நல்ல மார்க் வந்தது. மதுரையில் பெண்கள் கல்லூரியில் சேர்ந்து தாவரவியல் படிக்க ஆசைப்பட்டேன். ஆசை என்று இப்போது சாதாரணமாகச் சொல்கிறேன். அந்த வருஷம் எனக்கு வேறு நினைப்பே இல்லை. அப்பாவிடம் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. அலமாரியிலிருந்து ஒரு சின்னப் புத்தகத்தை எடுத்துத் தந்தார். உள்ளதைக் கொண்டு திருப்தியாக வாழ்வதைப் பற்றியது. "இத வாசிச்சுட்டு வாம்மா, பேசுவோம்" என்றார். வாசித்துவிட்டு அதே ஆசையோடு போய் நின்றேன்.

"நீ சரியா வாசிக்கல" என்றார்.

விஷயம் தெரிந்து எங்கள் தலைமையாசிரியை கடைக்கே வந்தார். அவர் ஓர் அதட்டுப் போட்டால் பள்ளிக்கூடமே அடங்கும். அப்பா எம்மாத்திரம் என்று நம்பி, பின்னறைக் கதவோரம் நின்றேன். அப்பா நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

"ஒங்களுக்கு ஓய்வே இல்ல போலருக்கே டீச்சர். மொகமெல்லாம் வாடிக் கெடக்கு."

அவ்வளவுதான். அதுவரை யாரும் அந்த அம்மாளிடம் அப்படிக் கேட்டதில்லை போலும். தன் மூட்டுவலி, கூடப்பிறந்தவர்களின் சொத்துத் தகராறு எல்லாம் சொல்லி முடித்தார். புறப்படும்போது அவர் கையில் ஒரு புத்தகம் இருந்தது. என்னைக் கூப்பிட்டு, "அப்பா சொல்றதுலயும் ஒரு நியாயம் இருக்கும்மா" என்றார். எனக்காகப் பேச வந்தவரையே அப்பா பொட்டலம் கட்டி அனுப்பிவிட்டார். கல்லூரி திறந்தபோது நான் கரியடுப்பை விசிறிக்கொண்டிருந்தேன்.

அடுத்த சீசனில் மதுரை மில் முதலாளி ஒருவர் மகளோடு கடைக்கு வந்தார். பெண்ணுக்கு ஏறக்குறைய என் வயது. பள்ளிப் படிப்பு முடிந்துவிட்டது, வரன் பார்க்கிறோம் என்றார். அப்பா அவளிடம் இரண்டு கேள்வி கேட்டார். பிறகு உள்ளே வந்து, நான் பூசணம் துடைத்து, அட்டை போட்டு வைத்திருந்த தாவரவியல் புத்தகத்தை எடுத்துப்போய் அவள் கையில் கொடுத்தார்.

"நல்ல மூளைங்க. காலேசுல சேத்து விடுங்க. இப்படிப்பட்ட புள்ளைய வீட்டுல பூட்டி வச்சா பாவமுங்க" என்றார்.

மத்தியானம் சோறு போடும்போது கேட்டுவிட்டேன். "அந்தப் புள்ளைக்குக் காலேசு. எனக்கு மட்டும் ஏன்ப்பா இல்ல?"

அப்பா என்னை நிமிர்ந்து பார்த்தார். முகத்தில் கள்ளம் ஒன்றும் இல்லை. அதைத்தான் இன்றும் என்னால் பொறுக்க முடியவில்லை.

"வர்றவங்க மனசுக்கு எது பிடிக்குமோ அதச் சொல்றதுதாம்மா யாவாரம். படிக்கணும்னு அந்தப் புள்ள கண்ணுலயே தெரிஞ்சுச்சு, சொன்னேன். நீ என் மக. ஒனக்கு மட்டுந்தான் நான் நெசத்தச் சொன்னேன்."

அம்மா தலை குனிந்தபடி ரசத்தை ஊற்றினாள்.

மறு வருஷம் ஆயக்குடியில் கொய்யாத் தோப்பு வைத்திருந்த குடும்பத்தில் என்னைக் கட்டிக்கொடுத்தார்கள். அங்கேயும் எளிமைக்குக் குறைவில்லை. ஏழெட்டுச் சீசன்கள் கழித்துத் தாய்வீட்டுக்குப் போனபோது அப்பா பெருமையாகச் சொன்னார்: அந்த மில் முதலாளி மகள் தாவரவியலில் பெரிய பட்டம் வாங்கி, கல்லூரியிலேயே பாடம் நடத்துகிறாளாம், கடைக்கு வந்து அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டுப் போனாளாம். அவளுக்கு அவர் சொன்னது யாவாரத்துக்குச் சொன்ன பொய். பொய்யாகவே இருந்துவிட்டுப் போகட்டும், அதை எனக்கும் ஒரு தரம் சொல்லியிருக்கலாம்.