அவர் ஊதிக் காயவைத்த வரி

பால்பாயிண்ட் பேனாவால் எழுதிவிட்டு, மை காய வேண்டும் என்பதுபோல் ஒவ்வொரு வரியையும் வாயால் ஊதுவார். அரியலூர் பக்கத்தில் உள்ள எங்கள் தெருவுக்கு விசாரணைக்கு வந்த அந்த வருவாய்த்துறை ஊழியரை நினைத்தால், நரைத்த மீசைக்கு முன்னால் அந்த ஊதல்தான் ஞாபகம் வருகிறது.

தெருமுனைத் தகரக் கொட்டகையில் ஜெபம் செய்யும் குடும்பங்கள், பக்கத்துப் புறம்போக்கு இடத்தைச் சர்ச் கட்ட ஒதுக்கச் சொல்லி மனு கொடுத்திருந்தார்கள். அக்கம்பக்கத்தாரின் கருத்தை எழுதிப்போக அவர் வந்திருந்தார்.

“ஆட்சேபணை ஏதும் இருக்காம்மா?”

“இல்லீங்க சார்.”

என் தோளில் கிடந்த குழந்தையைப் பார்த்துச் சிரித்தார். “பாப்பா நல்லா தூங்குதே. மைக் செட்டு போட்டா முழிச்சுக்காதா?”

“முழிச்சுக்கும் சார். அதுக்காக வேணாம்னு சொல்லலீங்க.”

“சும்மா கேட்டேம்மா.”

எழுதினார், ஊதினார். அதற்குள் ஒரு சிமென்ட் லாரி ஹாரன் அடித்துப் போக, குழந்தை வீறிட்டது. படித்துப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டேன். எம்.ஏ. படித்தவள் நான்.

போன வாரம், அந்தக் கொட்டகைக்கு ஜெபத்துக்குப் போகும் எதிர்வீட்டு அக்கா, மனுவுக்கு வந்த பதில் கடிதத்தைக் காட்டினார். ஒலிபெருக்கியால் குழந்தைகளுக்கு இடையூறு என்று அண்டை வீட்டார் ஆட்சேபித்ததால் மனு தள்ளுபடி.

“எங்ககிட்ட மைக்கே கிடையாதே கண்ணு! எவ சொல்லியிருப்பா?”

பாப்பா முழிச்சுக்காதா என்று அந்த ஊழியர் அக்கறையாகத்தான் கேட்டாரா, எழுதுவதற்காகவே கேட்டாரா?

நான் ஆட்சேபிக்கவில்லை என்று எழுதிக்கொண்டு நாளைக்கு ஆபீஸுக்குப் போகிறேன். அதை வாங்கப் போகிறவரும் அவர்தான்.