அத்தான் மாட்டிய விசிறிகள்

அத்தான் ரகசியம் பேசினால் பக்கத்துத் தெருவில் நாலு பேர் தலையாட்டுவார்கள். மோட்டாருக்கும் மின்விசிறிக்கும் செம்புக் கம்பிச் சுருள், அதாவது காயில், கட்டும் கடை அவருடையது. இருபது வருடமாக இரைச்சலுக்கு நடுவே கத்திக் கத்திப் பழகிய தொண்டை. உப்பு கேட்டாலும் சண்டைக்கு வருகிற மாதிரிதான் இருக்கும். "ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை மெதுவா பேசுங்களேன்" என்று அக்கா கேட்காத நாள் கிடையாது. அதுவும் அவர் காதில் விழுந்ததில்லை. நான் அதே வீட்டு மாடியறையில் குடியிருக்கும் மச்சினி. அவரைக் கிண்டல் செய்ய எனக்கு உரிமை உண்டு, தாராளமாகப் பயன்படுத்துகிறேன்.

அக்காவின் பள்ளித் தோழி ஒருத்தி பெரிய மருத்துவமனையில் தொலைபேசி ஆபரேட்டர். பார்வை கிடையாது. மேற்பார்வையாளர் பதவிக்கு ஒரு தேர்வு வந்தது. அதற்குப் படிக்க வேண்டிய விதிமுறைப் புத்தகம் பன்னிரண்டு அத்தியாயம், காதால் கேட்கிற வடிவில் எங்கும் கிடைக்கவில்லை. தானே வாசித்துப் பதிவு செய்து தருவதாக அக்கா வாக்குக் கொடுத்துவிட்டாள். செல்போனில் வாசித்தால் தகர டப்பாவுக்குள்ளிருந்து பேசுவது போலிருந்தது. அதனால் மேசைக் கம்ப்யூட்டர், அதில் ஒரு நல்ல மைக். தேர்வுக்குச் சரியாக இரண்டு மாதம் இருந்தது.

வாசலில் சாலை போடுகிறோம் என்று தோண்டிப் போட்டிருந்தார்கள். மேசைக்கடியில் தரையில் கிடந்த சிபியு பெட்டி அந்தப் புழுதியை எல்லாம் ஆசை தீரத் தின்றது. சூடேறி, பாதி அத்தியாயத்தில் அணைந்துவிடும். வாசித்தது போனதுதான். அக்கா தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள்.

விசிறிக்காரர் வீட்டில் சூட்டுக்குப் பயமா என்று அத்தான் சட்டைக் கையை மடித்துக்கொண்டு இறங்கினார். வேகமாகச் சுற்றும் சின்ன விசிறி நாலு வாங்கி வந்தார். நாலையும் வெளிப்பக்கம் பார்த்து மாட்டினார். சூட்டை வெளியே தள்ள வேண்டும், அவ்வளவுதான் வித்தை என்றார். சுவிட்சைப் போட்டதும் வீடே கிளம்பிவிடும் போலிருந்தது. முதல் நான்கு அத்தியாயங்களைக் கேட்ட தோழி, "உன் குரலுக்குப் பின்னாடி மாவு மெஷின் ஓடுதுடி, ஒண்ணும் புரியல" என்றாள்.

சத்தம்தான் அப்படி, சூடாவது குறைந்ததா என்றால் அதுவும் இல்லை. மூன்றாவது வாரம் பெட்டி மறுபடி அணைந்தது. திறந்தால் உள்ளே சாம்பல் நிறத்தில் கம்பளி விரித்த மாதிரி தூசி. வீட்டை ஒழுங்காகப் பெருக்குவதில்லை என்று அத்தான் ஒரு வார்த்தை விட்டார். அக்கா அன்று முழுக்க அவரோடு பேசவில்லை. எனக்கு வந்த கோபத்துக்கு அந்த நாலு விசிறியையும் சாக்கடையில் போட்டிருப்பேன்.

ஆனால் ஒன்று என் கண்ணில் பட்டது. தூசி தடுக்க முன்பக்கம் வலை இருக்கிறதே, அதைவிட பென்டிரைவ் செருகும் ஓட்டையில்தான் தூசி அதிகம். அடர்த்தியாக மீசையே முளைத்திருந்தது. பக்கத்துத் தகடு சேரும் இடுக்கிலும் அப்படித்தான். அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். தூசியை விரலால் தொட்டுப் பார்த்தவள், பிணக்கை மறந்து அத்தானைக் கேட்டாள்.

"நாலும் காத்தை விடுது. வாங்குறது எது?"

அத்தான் நாலு விசிறியையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார்.

"மூச்சை விட்டுக்கிட்டே இருங்க, வாங்காதீங்க. எவ்வளவு நேரம் தாங்குதுன்னு பாப்போம்."

மனுஷன் நிஜமாகவே விட்டுப் பார்த்தார். முகம் சிவந்து இருமிக்கொண்டே உட்கார்ந்தார். உள்ளே காற்றை இழுத்து வர ஒரு விசிறியும் இல்லை. அதனால் வலை இல்லாத சந்து பொந்து வழியாகவெல்லாம் பெட்டி காற்றை உறிஞ்சியிருக்கிறது, கூடவே புழுதியையும். "இருபது வருஷமா காத்து எங்க விழுதுன்னுதான் எல்லாரும் கேட்டிருக்காங்க. எங்கிருந்து வருதுன்னு ஒருத்தரும் கேட்டதில்ல" என்றார். அவருடைய மெல்லிய குரல் அது. எதிர் வீட்டோடு நின்றுவிட்டது.

மறுநாள், விரித்த கை அகலத்தில் மூன்று பெரிய விசிறிகள் வந்தன. பெரிய இறக்கை மெதுவாகச் சுற்றினாலே போதுமான காற்று வரும், இரைச்சலும் இருக்காது. வலைக்குப் பின்னால் இரண்டு காற்றை உள்ளே வாங்க, பின்பக்கம் ஒன்று வெளியே விட. உள்ளே வருவது அதிகமாக இருந்தால் இடுக்கு வழியாகக் காற்று வெளியேதான் கசியும், தூசி நுழையாது என்று எனக்கே பாடம் எடுத்தார், ஏதோ அவரே கண்டுபிடித்த மாதிரி. டிஷ்யூ துண்டைப் பிடித்துக் காட்டினார். வலையில் ஒட்டிக்கொண்டது, பென்டிரைவ் ஓட்டையில் வெளிப்பக்கம் படபடத்தது. பெட்டி தரையிலிருந்து முக்காலிக்கு ஏறியது. ஞாயிறுதோறும் வலையைக் கழுவிக் காயவைப்பது அவர் பொறுப்பு என்று தீர்ப்பாயிற்று.

அடுத்த மூன்று வாரத்தில், தினமும் காலையில் கதவைச் சாத்திக்கொண்டு அக்கா பன்னிரண்டையும் முதலிலிருந்து வாசித்தாள். பெட்டி ஒரு தடவைகூட அணையவில்லை. அத்தான்தான் அந்த மூன்று வாரமும் கடையை நேரத்துக்குத் திறக்கவில்லை. கேட்டால் ஸ்க்ரூ டிரைவரைத் தேடினேன் என்பார்.

தேர்வு முடிவு வந்த அன்று தோழி போன் செய்தாள். தேறிவிட்டாள். அக்கா அழுதுகொண்டே சிரித்தாள். பிறகு தோழி சொன்னாள்: "ஏழாம் அத்தியாயத்துல, விடுப்பு விதி வர்ற இடத்துல, பின்னாடி ஒருத்தர் பேசறாரு. நீ கேட்டியா?"

அக்கா பதறிப்போனாள். அந்த இடத்தைத் தேடிப் போட்டோம். அக்கா ஒரு பக்கத்தைப் புரட்டுகிற சத்தம். அந்த இடைவெளியில், சாத்திய கதவுக்கு அப்பாலிருந்து, கூரியர் பையனிடம் ஒரு கிசுகிசுப்பு. யார் என்று புரியவே எனக்கு நேரமாயிற்று.

"மணி அடிக்காதீங்க தம்பி, உள்ள என் வீட்டம்மா படிக்கிறாங்க. குரல் எப்படி இருக்கு பாத்தீங்களா? நான் தினமும் இங்கதான் உக்காந்து கேக்கறேன்."

அக்கா ஸ்பீக்கரின் சத்தத்தைக் கூட்டினாள். "வேண்டாத சத்தம்தானே, வெட்டிடவா?" என்று சும்மா சீண்டினேன்.

"கைய வெச்சுப் பாரு" என்றாள். அதையே மறுபடி போட்டாள். மறுபடியும்.

தெருமுனையிலிருந்தே அத்தான் குரல் வந்துவிட்டது, சாப்பாடு ஆச்சா என்று. அக்கா மெதுவா என்று சொல்லவில்லை. "ஆச்சு, வாங்க" என்று அவரைவிடச் சத்தமாகக் கத்தினாள்.