மார்கழிக் குழந்தைகளின் கோபம்

மார்கழியில் பிறந்த குழந்தைகளுக்குக் கோபம் அதிகம் என்பது மலைமேலிருக்கும் வளப்பூர் நாட்டுச் சிற்றூர் ஒன்றில் எல்லோரும் ஒத்துக்கொண்ட விஷயம். கண்டுபிடித்தவள் அத்தாயி. ஊரில் எந்த வீட்டில் குழந்தை பிறந்தாலும் குளிப்பாட்டக் கூப்பிடுவது அவளைத்தான். சித்திரையில் பிறந்தவை அவள் கால்மேல் சிரித்துக்கொண்டு கிடந்தன. மார்கழியில் பிறந்தவை முதல் சொம்புக்கே வீறிட்டன. இதற்குமேல் என்ன ஆதாரம் வேண்டும்?

தண்ணீர்ப் பதம் பார்க்க அவளுக்குக் கை போதும். குளிர்காலத்தில் விடியும்போதே வந்து, அடுப்பில் விறகைத் தள்ளிவிட்டு, உள்ளங்கை இரண்டையும் தணலில் நன்றாகக் காயவைப்பாள். அந்தக் கையை அண்டாவில் விட்டு, "வெதுவெதுன்னு இருக்குது" என்பாள். மறுபேச்சு கிடையாது.

இந்த மார்கழியில் கோகிலாவுக்குப் பெண் பிறந்தது. கோகிலா அடிவாரத்துப் பெண். முதல் நாள் குளியலில் குழந்தையின் முதுகு செம்பருத்தி போலச் சிவந்துபோனதை அவளால் மறக்க முடியவில்லை. மாமியார் சுகுணாவுக்கோ பூரிப்பு. "அப்படியே எம் பையன் யுவராஜு. அவனும் மார்கழி. அக்கா கால்மேல கெடந்து என்னா கத்து கத்துனான்!"

மறுநாள் அத்தாயி கை காய்ந்து எழுந்ததும், கோகிலா அண்டாவில் முழங்கையை வைத்துப் பார்த்து வெடுக்கென்று எடுத்தாள்.

"சுடுதுங்க பெரீம்மா. நர்ஸம்மா முழங்கையில பாக்கச் சொன்னாங்க."

"அது அடிவாரத்துத் தோலு கண்ணு. பிரிட்ஜுல வெச்ச வெண்ண மாதிரி, தொட்டா எளகிப்புடும். மலைத்தோலுக்கு இது தாங்கும்."

"மூணு தலமொறையா பாத்த கை," என்றாள் சுகுணா. "தப்புமா?"

கோகிலா வாதாடவில்லை. "கையில கரியா இருக்குதுங்களே," என்று வெளியே டிரம்மில் இரவெல்லாம் பனியில் கிடந்த தண்ணீரை ஒரு வாளியில் கொண்டுவந்து வைத்தாள். கரிதானே என்று அத்தாயி கையை விட்டுத் தேய்த்தாள். கரி லேசில் போகவில்லை. விரல்கள் மரத்துப்போயின. கையை உதறிவிட்டு, பழக்கதோஷத்தில் அண்டாவுக்குள் விட்டாள்.

விட்ட வேகத்தில் எடுத்தாள். கொதிக்கிற குழம்பில் விட்டதுபோல இருந்தது.

அண்டாவும் மாறவில்லை, தண்ணீரும் மாறவில்லை. அத்தாயி தன் கையையே பார்த்தாள். தோலுக்கடியில் இருக்கிற நரம்பு முனைகள் சூட்டை அளந்து சொல்வதில்லை; ஏற்கெனவே பட்டதைவிட இது கூடவா, குறைவா என்றுதான் சொல்கின்றன. தணலில் காய்ந்த கைக்குச் சுடுநீரும் சாதுதான். இத்தனை விளக்கம் அத்தாயிக்குத் தெரியாது. ஆனால் இத்தனை வருஷம் எந்தக் கையை நம்பினோம் என்பது அந்த நிமிஷத்தில் புரிந்துவிட்டது. குழந்தை துணிக்குள் முனகியது.

"ஏன் சுகுணா," என்று திரும்பினாள், "நான் அந்தப் பக்கம் திரும்புன நேரத்துல அடுப்புல வெறகு போட்டியா?"

"நானா? இல்லீங்களே அக்கா."

"போட்டிருப்ப. உனக்கு எங்க ஞாபகம் இருக்குது."

கோகிலா அண்டாவில் பச்சைத் தண்ணீரை நிறையவே ஊற்றினாள். அத்தாயி தயங்கி, யாரும் பார்க்காதபோது முழங்கையை ஒருமுறை நனைத்துப் பார்த்துவிட்டு, குழந்தையைக் கால்மேல் போட்டாள். முதல் சொம்பு. குழந்தை கொட்டாவி விட்டது.

"பாத்தியா," என்றாள் அத்தாயி. "எங் கை ராசி. மார்கழிக் கோவத்தையே எறக்கிப்புட்டேன்."

சுகுணா கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

அப்போது வாசலில் யுவராஜின் குரல் கேட்டது. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதாம், சட்டையைக் காணோமாம், வீடே அதிரும்படி கத்தினான். சட்டை அவன் தோளிலேயே கிடந்தது.

"மார்கழி," என்று சுகுணா பெருமையோடு அத்தாயியைப் பார்த்தாள். வழக்கமாக இந்த இடத்தில் அத்தாயி, "அன்னிக்கே நான் சொல்லல?" என்பாள்.

இன்றைக்கோ குனிந்து, குழந்தையின் முதுகில் அடுத்த சொம்பை மெதுவாக ஊற்றினாள்.