புரட்டாசியில் ராக் பாடிய குழு

என் அண்ணனுக்கு நாற்பதை நெருங்கும் வயதில் ராக் பைத்தியம் பிடித்தது. எங்கள் ஊர்ப் பக்கம் பாச்சாங்கில், கார் கண்ணாடிகளுக்கு டிண்டட் என்கிற கறுப்புத் தாள் ஒட்டுகிற கடையில் அவனுக்கு வேலை. வீட்டுக்கு வந்ததும் யூடியூப்பில் பழைய பிரிட்டிஷ் பப் ராக் குழுக்களைத் தேடித்தேடிப் பார்ப்பான். வியர்வையில் நனைந்த சட்டை, ஒரு சின்ன மேடை, பீர் கிளாஸோடு தலையாட்டும் நாலு பேர். அதில் ஒரு குழு பெயர் வாங்குவதற்குள் தங்களுக்குள் அடித்துக்கொண்டு கலைந்துபோனதாம். அதுதான் அவனுக்குக் குலதெய்வம்.

"கொஞ்ச நாளுன்னாலும் உண்மையா பாடினானுங்க" என்பான். கலைந்துபோவதில் என்ன பெரிய உண்மை என்று நான் கேட்கவில்லை. கேட்டால் உட்காரவைத்து விளக்கியிருப்பான்.

அந்தக் குழுவைப் பார்த்து அவனும் ஒன்று ஆரம்பித்தான். கடையில் கூட வேலை செய்யும் இருவர் கித்தாருக்கும் டிரம்ஸுக்கும். கீபோர்டுக்குத் தங்கை நான். என்னிடம் சொந்தமாகக் கீபோர்டும், சாமான்களை ஏற்றும் அளவுக்கு ஒரு காரும் இருந்தன. அவன் பார்த்த தகுதி அவ்வளவுதான். பாட்டு அவனுடையது. ஜாசின் பக்கத்துத் தோட்டத்து லய வீட்டில் பிறந்தவன், லண்டனில் மழையில் நனைந்து சளி பிடித்தவன் மாதிரி மூக்கால் பாடினான்.

நான் நன்றாகப் பாடுவேன். இதில் தன்னடக்கம் காட்ட எனக்கு விருப்பமில்லை. கோயில் தேவாரப் போட்டிகளில் வாங்கிய கோப்பைகள் அம்மாவின் அலமாரியில் அடைத்துக்கொண்டு நிற்கின்றன. தங்கா பத்துக் கடற்கரைச் சாலையைப் பற்றித் தமிழில் நானே ஒரு பாட்டுக் கட்டி வைத்திருந்தேன். அந்த ஒரு பாட்டை மேடையில் பாட வேண்டும். அந்த ஆசைக்காகத்தான் அவனுடைய ஸ்பீக்கர் பெட்டியை என் கையால் தூக்கினேன்.

"பாப்போம் லா" என்றான் அண்ணன். "உன்னோடது தேவாரக் குரலு. ராக்குக்கு ஒட்டாது."

ஆயர் குரோ சாலையோரம் சீன முதலாளி ஒருவர், தவுக்கே என்போம், நடத்தும் பப் இருந்தது. வருகிறவர்களில் பாதிக்கு மேல் நம் ஆட்கள். தவுக்கேயைப் பார்த்துவிட்டு வந்த அண்ணன் தரையில் நிற்கவில்லை. அடுத்த வாரத்திலிருந்து எல்லாச் சனிக்கிழமை மாலையும் அவர் நமக்கே கொடுத்துவிட்டாராம். மற்ற குழுக்கள் எல்லாம் வேண்டாம் என்றனவாம்.

"அண்ணே, அது பொரட்டாசி சனி" என்றேன்.

"ராக்குக்கு ஏது பொரட்டாசி?"

ஊரில் உள்ள தமிழர்களெல்லாம் குடியையும் கறியையும் நிறுத்திவிட்டு நெற்றியில் நாமத்தோடு பெருமாள் கோயில் வரிசையில் நிற்கும் மாதத்தில், தமிழர்கள் குடிக்க வருகிற இடத்தில் அரங்கேற்றம் வைத்தான் என் அண்ணன். இதில் வேடிக்கை, அவனும் விரதம். அம்மா போட்ட சாம்பார் சாதத்தைத் தின்றுவிட்டுத்தான் பப் ராக் பாடக் கிளம்பினான்.

உள்ளே போனால் ஈ காக்கை இல்லை. இரண்டு சீனக் கிழவர்கள் தொலைக்காட்சியில் பந்தாட்டம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அண்ணன் தோல் ஜாக்கெட்டும் எலுமிச்சை ஜூஸுமாகக் கொஞ்ச நேரம் நின்றான். பிறகு மைக்கைக் கொண்டுவந்து என் கையில் திணித்தான்.

"நீ பாடு பாப்பா. எப்படியும் யாரும் இல்லத்தானே."

எச்சில் இலையை நீட்டுகிற மாதிரி இருந்தது. அவமானத்தில் காது சுட்டது. ஆனாலும் வாங்கிக்கொண்டேன், என் பாட்டைப் பாடினேன். இரண்டாம் அடி முடிவதற்குள் தவுக்கே பந்தாட்டத்தின் சத்தத்தைக் குறைத்தார். கிழவர்கள் திரும்பி உட்கார்ந்தார்கள். அண்ணன் கைபேசியில் மூழ்கியிருந்தான்.

அந்தப் புரட்டாசி முழுக்க நான்தான் பாடினேன். தவுக்கே கைபேசியில் பிடித்துப் போட்ட வீடியோவைப் பார்த்துவிட்டுச் சில குடும்பங்கள்கூட வந்தன. கோயிலிலிருந்து நேரே வந்து, ஜூஸ் வாங்கிவைத்துக்கொண்டு, என் பாட்டை இன்னொரு தடவை கேட்டார்கள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அண்ணனிடம் சொன்னபோது, "சைவக் கூட்டம் லா அது" என்றான். அவனும் சைவம்தான் என்பதை அவனுக்கு யாராவது ஞாபகப்படுத்தியிருக்கலாம்.

புரட்டாசி முடிந்து வந்த முதல் சனிக்கிழமை, ஒரு மாத தாகத்தோடு ஊரே அங்கே இருந்தது. நிற்க இடமில்லை. அண்ணன் ஜாக்கெட்டைப் போட்டு, முடியில் எதையோ தடவி, மைக்கைத் தன் உயரத்துக்கு ஏற்றி வைத்துக்கொண்டான். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவன் பாடிய முதல் பாட்டுக்குக் கோழி வறுவல் சொல்லி அனுப்பினார்கள். இரண்டாவது பாட்டுக்கு அதைத் தின்றார்கள்.

"அந்தத் தங்கச்சி பாடலியா?" என்று முன்மேசையிலிருந்து ஒருவர் கேட்டார். தவுக்கேயும் கல்லாவிலிருந்து என்னைத்தான் கைகாட்டினார்.

அண்ணன் சிரித்தான். "அவங்களுக்குத் தொண்டை சரியில்ல. இன்னைக்குப் பாட முடியாது."

நாங்கள் அன்று காலைதான் ஒன்றாகப் பசியாறினோம். என் தொண்டைக்கு ஒரு குறையும் இல்லை என்று அவனுக்கு நன்றாகத் தெரியும். இவனுக்காகவா இத்தனை நாள் பெட்டி தூக்கினேன் என்று வெறுப்பாக வந்தது. அவனுக்குப் பின்னால் 'ஊ' போடுவதற்காக என் முன்னாலும் ஒரு மைக் வைத்திருந்தான். அதைத் திறந்தேன்.

"எனக்குத் தொண்டையில ஒன்னுமில்லங்க. ஆளில்லாதப்ப எங்க அண்ணன் என்னைப் பாடச் சொன்னாரு. இன்னைக்கு ஆளு இருக்கு, அதான் சொல்லல."

டிரம்ஸ்காரர் அண்ணனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு என் பாட்டின் தாளத்தை மெதுவாகப் பிடித்தார். அண்ணன் மைக்கை எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து குனிந்தான்.

"பாப்பா, எல்லாரும் பாக்குறாங்க."

"அதுக்குத்தானேண்ணே வந்தோம்" என்று சொல்லிவிட்டுப் பாட ஆரம்பித்தேன்.